நம்பிக்கை வேறாகலாம், அடக்க மண் வேறாகலாமா?

"சன்னி, ஷியா என்று அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அவர்களோடு நமக்கென்ன கூட்டு?" என்று நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். பிளவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

632இல் நபிகள் நாயகம் மறைந்ததும், அடுத்துத் தலைமை யாருக்கு என்பதில் கருத்து பிரிந்தது. அபூபக்கரின் தலைமையை முறையானது என்று ஏற்பவர்கள் சன்னிகள். நபியின் மருமகன் அலிக்கும் அவர் வழிவந்த இமாம்களுக்குமே அந்த உரிமை என்பவர்கள் ஷியாக்கள். 680இல் கர்பலாவில் அலியின் மகன் ஹுசைன் கொல்லப்பட்ட துயரம் இந்தப் பிரிவை ஆழமாக்கியது. ஆனாலும் இரு தரப்புக்கும் இறைவன் ஒருவன், வேதம் ஒன்று, தொழும் திசை ஒன்று.

கடலூர் மாவட்டத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் சன்னிகள். அவர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பரங்கிப்பேட்டை மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹபு, லால்பேட்டைக்காரர்கள் ஹனஃபி மத்ஹபு.  அதற்காக யாரும் உறவை முறித்துக்கொள்ளவில்லை. அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியத்தில் சன்னி, ஷியா அறிஞர்கள் சேர்ந்தே உட்கார்கிறார்கள். நம்பிக்கையை ஒன்றாக்காமலே ஒன்றாக நிற்க முடியும்.

உண்மையான தடை சாதி. பாகிஸ்தான் பற்றிய நூலில் அண்ணல் அம்பேத்கர் 1901 வங்காள மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சுட்டுகிறார். அஷ்ரஃப், அஜ்லஃப் என்ற அடுக்குகளுக்குக் கீழே அர்சல் என்றொரு பிரிவு. அவர்களுக்குப் பள்ளிவாசலிலும் இடமில்லை, பொது அடக்கத்தலத்திலும் இடமில்லை. இது மார்க்கம் சொன்னதல்ல, சாதி செய்தது. நந்தனைத் தில்லை வாசலில் நிறுத்திய மண்ணில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1981இல் மீனாட்சிபுரத்துத் தலித்துகள் இஸ்லாத்துக்குப் போனது அபூபக்கரா அலியா என்று தீர்ப்புச் சொல்ல அல்ல, தோளோடு தோள் நிற்க.

2025 வக்பு திருத்தச் சட்டம், வாரியத்தில் சன்னி, ஷியா, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று தனித்தனி இடம் ஒதுக்குகிறது. திடீரென்று இத்தனை அக்கறை! அக்கறை உண்மையென்றால் 1950 குடியரசுத் தலைவர் ஆணையை ஏன் தொடவில்லை? தலித் ஒருவர் முஸ்லிமானால் அந்த ஆணை அவரது பட்டியல் சாதி உரிமையைப் பறிக்கிறது. சீக்கியருக்கு 1956இல், பௌத்தருக்கு 1990இல் தடை நீங்கியது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்த பிறகும் முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் கதவு மூடியே கிடக்கிறது.

ஜமாஅத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வக்புக்காக ஒரே மேடையில் ஏறிய நீங்கள், இந்த ஆணைக்கு எதிராகவும் ஏறுங்கள். நேற்று கலிமா சொன்ன சேரிக்காரருக்குப் பெண் கொடுக்கிறோமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பறையர், பள்ளர், அருந்ததியர் என்று பிரிந்து கிடக்கும் நாமும் இதே கேள்வியை நம்மிடம் கேட்போம். கடைசியாக வந்தவருக்கு என்ன இடம் என்பதில்தான் ஒற்றுமை தெரியும்.

ஜெய்பீம்.