கிளித்தட்டும் றகரும்

றகர் ஆட்டம் என்றதும், அது தடித்த உடம்பினர்க்கே உரியது என்று எம்மவரிற் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். ஹவ்லொக் மைதானம் வெள்ளவத்தைக்கு அயலிலேயே உளது. ஆயினும் எம் பிள்ளைகள் அங்கே பார்வையாளராகவே நின்றுவிடுகின்றனர். பெற்றோரின் அச்சம் நியாயமானதே. ஆனால் உடற்பருமன் பற்றிய எண்ணம் தவறு.

வேல்ஸ் நாட்டு ஷேன் வில்லியம்ஸ் 5 அடி 7 அங்குல உயரமே உடையவர். தம் நாட்டுக்காக 58 ட்ரை பெற்ற அவரே 2008ஆம் ஆண்டில் உலகின் சிறந்த வீரராகத் தெரிவானார். 2019ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் தலைவரைக் காலடி மாற்றித் தாண்டிச் சென்ற தென்னாபிரிக்கரான செஸ்லின் கொல்பேயும் சிற்றுருவினரே.

அவர்கள் செய்தது யாது? வலப்புறம் பாய எண்ணுவோன் இடப்புறம் சாய்வதுபோற் காட்டுகிறான். தடுப்போனின் இடுப்பு அப்பக்கம் திரும்பிய கணத்தில், இடக்காலை அழுந்த ஊன்றி வலப்புறம் பாய்கிறான். மிக அண்மையிற் செய்தாற் பிடிபடுவான்; மிக முந்திச் செய்தால் தடுப்போன் மீண்டும் திரும்பிவிடுவான். பந்தை முன்னோக்கி எறிதல் விதிக்கு மாறாகலின், எதிரணியின் வரிசையை ஒருவன் ஓடியேனும் உதைத்தேனும் கடத்தல் வேண்டும்.

இவ்வித்தை எமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து முற்றங்களிற் கிளித்தட்டு மறித்த எவரும் இதனை அறிவர். குறுக்குக் கோட்டில் நிற்பவனை ஏய்க்கும்போதே, நடுக்கோட்டில் ஓடிவரும் கிளியின் மீதும் ஒரு கண் வைத்தல் வேண்டும். றகரில் முதல் வரிசையைத் தாண்டியவனைப் பின்னிருந்து வளைக்க வருவோனும் அக்கிளி போன்றவனே! கிளித்தட்டில் மறிப்பவன் கோட்டை விட்டு விலகான், றகரிலோ அவன் எதிரேறி வருவான் என்பது உண்மை. ஆதலால் கிளித்தட்டு ஒன்றே போதும் என்று யான் கூறவில்லை. பந்தை இரு கைகளாலும் ஏந்தி ஓடவும், தலை அடிபடாது விழவும் வேறாகக் கற்பித்தல் வேண்டும்.

ஆனால் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் வாழும் சிறுவன் கோடு கீறுதற்கு மண்ணை எங்கே காண்பான்? எம் முன்னோர் தெருவிலும் முற்றத்திலும் இலவசமாகக் கற்றதை, இன்று கல்லூரி மைதானமே கற்பித்தாக வேண்டும். விளையாட்டுக்கு நிதி உதவும் பழைய மாணவர்கள் பாரந்தூக்கும் கருவிகளையே முதலில் நினைக்கின்றனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவை எதற்கு? சுண்ணாம்புத் தூளும், வாரத்தில் இரு மாலைகளும், கிளித்தட்டு அறிந்த ஓர் ஆசிரியரும் போதும்.