சேற்றுக்கு யார் பதில் சொல்லுவது?

சேதுக் கால்வாயைப் பற்றி நம் நாட்டில் எழுந்த கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. 2005-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2-ந் தேதி பிரதமர் மன்மோகன் சிங் அவர்கள் அந்த வேலையை நமது மதுரையில்தான் துவக்கி வைத்தார். மதுரையில் கடல் இல்லை. ஆனால் கூட்டம் சேரும். 2007-இல் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அது முதல் ஜனங்களின் வாயில் அடிபட்டதெல்லாம் ஒரே கேள்விதான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவிலுள்ள மணல்திட்டு ராமன் கட்டிய பாலமா, இல்லையா என்பதே அது. அப்படிக் கட்டியதற்கு ஆதாரமில்லையென்று தொல்பொருள் இலாகா அவ்வாண்டு செப்டம்பரில் கோர்ட்டில் சொல்லிற்று. எதிர்ப்புக் கிளம்பியதும் சர்க்கார் இரண்டொரு நாளில் அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. 2009-இல் வேலையும் நின்று போயிற்று.

ராமன் பாலம் கட்டினான் என்பதை நாம் ஒப்புவதில்லை என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. அதை மறுபடியும் எழுதிக் காகிதத்தைச் செலவழிக்கப் போவதில்லை. நாம் சொல்ல வந்தது வேறு. அந்தச் சச்சரவில் உண்மையாகவே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று அமுங்கிப் போயிற்று. கடலைத் தோண்டி எடுக்கும் மண்ணை எங்கே கொட்டுவது, கொட்டிய மண் எங்கே போய்ப் படியும் என்பதே அந்தக் கேள்வி.

தோண்ட நினைத்த மண் எவ்வளவு என்று பார்ப்போம். கால்வாயின் நீளம் 167 கிலோமீட்டர், அகலம் 300 மீட்டர், ஆழம் 12 மீட்டர் என்று திட்டம் போட்டார்கள். இதற்காக வாரவேண்டிய மண் 8 கோடி கன மீட்டருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். நமது வைகை அணை முழுதும் நிரம்பினால் நிற்கும் தண்ணீரில் ஏறக்குறையப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவும் சேறும் மணலும்.

நிற்க, கொட்டிய மண் எப்படிப் படியும் என்பதை அறிய யாதொரு சாஸ்திரியாரிடமும் போகவேண்டியதில்லை. ஆற்றுத் தண்ணீரை ஒரு குடத்தில் மொண்டு வையுங்கள். மணல் உடனே அடியில் போய்விடும். வண்டல் சற்றுப் பொறுத்துப் படியும். களிமண்ணோ மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். இதற்குள்ள கணக்கை ஸ்டோக்ஸ் என்பவர் 1851-இல் எழுதி வைத்தார். துகளின் குறுக்களவு பாதியானால் அது விழும் வேகம் கால் பங்காகிவிடும் என்பது அக்கணக்கின் சாரம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குள்ள மணல் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிஷம் போதும். அதில் ஐம்பதில் ஒரு பங்கேயுள்ள களிமண் துகளுக்கு அதே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாளாகும். கடலோ மூன்று நாள் அசையாமல் இருப்பதில்லை.

கலங்கல் தெளிய நம் வீட்டுப் பெண்கள் குடத்தினுள் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். அதனால் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து இறங்குகின்றன. கடலில் அந்த வேலையை உப்பே செய்துவிடுகிறது. அன்றியும், கப்பலின் அடிக்கதவைத் திறந்து கொட்டும் சேறு துகள் துகளாக இறங்குவதில்லை. ஒரே திரளாக விழுந்து அடியில் மோதி நாற்புறமும் பரவுகிறது. நூற்றில் சில பங்குதான் நடுத்தண்ணீரில் கலங்கலாக நின்று நீரோட்டத்தோடு போகிறது. இதைக் கேட்டதும், அப்படியானால் பயமில்லை என்று சில இஞ்சினீயர் தோழர்கள் சொல்லக்கூடும். நூற்றில் இரண்டு பங்கென்று வைத்தாலும் 8 கோடிக்கு அது 16 லட்சம் கன மீட்டர்! மேலும் அடியில் போய்ப் படிந்தது அங்கேயே கிடக்கும் என்பதற்கு என்ன ஜாமீன்? புதிதாகப் படிந்த சேறு பஞ்சுபோல் லேசானது. ஒரு புயல் வந்தால் மறுபடியும் கிளம்பிவிடும். பாக் விரிகுடாவோ பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு மேல் இல்லாதது. அலையின் உதை அங்கே அடிவரைக்கும் எட்டும்.

மதுரைச் சீமையின் குடியானவருக்கு இது புதிய சங்கதியல்ல. கண்மாயில் தூர்வாருகிறோம் என்று சொல்லி, வாரிய மண்ணை அதே கண்மாயின் உட்கரையில் குவித்துவிட்டுப் பில் வாங்கிக்கொண்டு போகிற காண்டிராக்டர்களை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம்! அடுத்த மழையில் மண் பழைய இடத்துக்கே வந்துவிடும். அடுத்த வருஷம் மறுபடியும் டெண்டர் வரும். நம் பெரியவர்கள் கரம்பையை வண்டியிலேற்றி வயலில் அடித்தார்கள். கண்மாயும் ஆழமாயிற்று, வயலும் விளைந்தது. கடல் மண்ணுக்கு அப்படி ஒரு வயல் எங்கேயிருக்கிறது? கொட்டியது கால்வாய்க்கே திரும்பி வருமானால், ஆண்டுதோறும் வாரும் செலவு யார் தலையில் விழும்? 2,427 கோடி ரூபாய் என்று துவக்கத்தில் சொன்னது தோண்டிக் கொடுப்பதற்கே. தோண்டியதைக் காப்பதற்கு ஆண்டுச் செலவு தனி.

பணம் போகட்டும். கலங்கல் வெயிலை மறைத்தால் கடலடியிலுள்ள புல் பிழைக்காது. அந்தப் புல்லை மேயும் ஆவுளியாவுக்காக 2022-இல் தமிழ்நாட்டு சர்க்காரே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பிடமாக்கியது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறை உயிருள்ளது. சேறு மூடினால் மூச்சடைத்துச் சாகும். புல்லும் பாறையும் மீன்குஞ்சு வளரும் தொட்டில்கள். அவை கெட்டால் முதலில் அடுப்பு அணைவது பாம்பன், தொண்டி மீனவரின் வீட்டில்தான். ஆஸ்திரேலியா தேசத்தார் 2015-இல் தங்களுடைய பெரும் பவளத்திட்டுக் கடற்பூங்காவில் புதிதாகத் துறைமுகம் தோண்டிய மண்ணைக் கொட்டக்கூடாதென்று தடுத்துவிட்டார்கள். அங்கே எந்தக் கடவுளின் பாலமும் குறுக்கே நிற்கவில்லை.

நம் இயக்கத்தார் இந்தத் திட்டத்தை ஆதரித்து வந்தவர்கள். கப்பல் சிலோனைச் சுற்றாமல் வந்தால் லாபம் என்பது நியாயமான எண்ணமே. ஆனால் ராமன் பேரைச் சொல்லித் தடுக்கிறார்கள் என்பதற்காகவே, அவர்கள் தடுக்கிற வேலையெல்லாம் நல்ல வேலை என்று நாம் முடிவு கட்டினால் அதற்குப் பகுத்தறிவு என்று பெயரில்லை. புராணம் சேற்றின் கணக்கைச் சொல்லாது. வளர்ச்சி என்ற சொல்லும் சொல்லாது. கயிறும் குண்டும் போட்டு அளந்தவன்தான் சொல்லவேண்டும்.

2023 ஜனவரியில் இத்திட்டத்தை மறுபடியும் நிறைவேற்றவேண்டுமென்று நமது சட்டசபை தீர்மானம் போட்டது. நாகபுரி ஆராய்ச்சி ஸ்தாபனம் கொடுத்த அறிக்கை 2004-ஆம் ஆண்டினது. அவ்வாண்டு டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமிக்கு முந்தியது. அதை வைத்துக்கொண்டு இன்று மண்வெட்டியைத் தூக்க முடியாது. மண்ணைக் கொட்டும் இடத்தின் ஆழம் என்ன, தென்மேற்குக் காற்றிலும் வடகிழக்குக் காற்றிலும் அங்கே நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது, வாரும் மண்ணில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு, ஒரு மழைக்காலம் கழிந்தபின் கொட்டியதில் எவ்வளவு அங்கேயே கிடக்கிறது என்பவற்றைப் புதிதாக அளந்து, அந்தக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு, பாம்பனிலும் தொண்டியிலும் மீனவர்களைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டட்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்கும் அங்கேயே பதில் சொல்லட்டும். தோண்டுவதா வேண்டாமா என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.