மார்சேய் நகரத்துக் கையெழுத்து

கணிப்பொறியின் எழுத்துருப் பட்டியலில் கண்ணை ஓட்டிக்கொண்டே வருகிறவர்கள், 'மிஸ்ட்ரால்' என்ற பெயரருகே சற்றுத் தயங்கி, தூரிகையை மையில் தோய்த்து யாரோ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனது போன்ற அதன் சாயலில் மயங்கி, அதையே வாழ்த்து மடலுக்கோ கடைப் பலகைக்கோ தேர்ந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மயங்குவதில் குற்றமில்லை; போகிற போக்கில் எழுதியது என்று எண்ணுவதில்தான் எனக்கு ஆட்சேபம்.

1953-ஆம் ஆண்டில், பிரான்சின் தென்கரைத் துறைமுகமான மார்சேயில், ஒலிவ் என்ற வார்ப்புச்சாலை வெளியிட்ட அந்த எழுத்தை, ரோஜே எக்ஸ்கொஃபோன் என்னும் கலைஞர் தம் சொந்தக் கையெழுத்தையே ஆதாரமாகக் கொண்டு வரைந்தார். ரோன் நதிப் பள்ளத்தாக்கின் வழியே சீறிவரும் குளிர்ந்த வாடைக்காற்றின் பெயர் அதற்கு வாய்த்தது. அக்காலத்து அச்செழுத்து என்பது உலோகத்தில் வார்த்த தனித்தனிக் கட்டை. கையால் எழுதும்போது ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையைத் தானே தேடிச் சென்று பற்றிக்கொள்ளும். கட்டைகளுக்கோ அந்தச் சுதந்திரம் கிடையாது. எந்த எழுத்தின் பக்கத்தில் எந்த எழுத்து வந்து நின்றாலும், ஒன்றின் முடிவும் மற்றதன் தொடக்கமும் இம்மியும் பிசகாமல் சந்திக்க வேண்டும். சந்தித்த இடம் கண்ணுக்குத் தெரியவும் கூடாது. போதாதற்கு, எழுத்துக்கள் மனம்போனபடி ஏறி இறங்கி நடப்பது போன்ற பிரமையும் கலையாதிருக்க வேண்டும். (அமெரிக்காவில் 1942-இல் ராபர்ட் ஸ்மித் வரைந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்ற தூரிகை எழுத்து இதற்கு மூத்தது; ஆனால் அதன் மினுமினுப்பு, துணிக்கடை வாசலில் நின்று அழைப்பவரின் புன்னகையை நினைவூட்டுவதால், எனக்கு அதனிடம் அவ்வளவு பிரியம் இல்லை.)

இவ்வளவு பிரயாசையோடு சம்பாதித்த சகஜபாவத்தை நாம் செலவழிக்கும் விதந்தான் வேதனை. எங்கள் வட்டாரத்தில் ஒரு மருத்துவமனையின் பலகை, முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்களாலேயே இந்த உருவில் எழுதப்பட்டிருக்கிறது. சொல்லின் தலையில் தனித்து நிற்பதற்கென்று பிறந்தவை அவை, ஒன்றையொன்று பற்ற அவற்றுக்குக் கை இல்லை. இடம் மிஞ்சியது என்று பக்கவாட்டில் இழுத்து நீட்டியும் இருக்கிறார்கள். தூரிகை அழுந்திய இடத்தில் தடித்தும், எழும்பிய இடத்தில் மெலிந்தும் அமைந்த கீற்று, இழுத்த மாத்திரத்தில் தன் நியாயத்தை இழந்து, ஈரத்தில் ஊறிய கயிறுபோல ஆகிவிடுகிறது. நோய்க்கு மருந்து தேடி வருகிறவனிடம் இவ்வளவு உல்லாசமாகப் பேசுவானேன் என்றும் தோன்றுகிறது.

தமிழிலும் இப்படியோர் எழுத்து வேண்டும் என்று விரும்பும் இளைஞர்கள், மிஸ்ட்ராலின் இணைப்பைப் பின்பற்றப் புகுந்தால் வழி தவறுவார்கள் என்பது என் அபிப்பிராயம். நம் அச்சில் எழுத்துக்கள் கைகோப்பதில்லை, தனித்தனியே நிற்பவை. ஆகவே தூரிகையின் வேகம் எழுத்துக்கு இடையில் அல்ல, ஒவ்வோர் எழுத்தின் சுழியிலும் கொம்பிலும் காலிலுமே தெரிந்தாக வேண்டும். வரையத் தொடங்குமுன், சுவர் விளம்பரம் எழுதும் பெரியவர் எவராவது, ழகரத்தின் அடிக்கீற்றை இழுத்து முடிக்கையில் மணிக்கட்டைச் சற்றே திருப்பித் தூரிகையை எடுக்கிறாரே, அதை ஒரு முற்பகல் அருகிலிருந்து பார்த்துவிட்டு வரட்டும்.