முகம் தெரியாத கடன் கொடுத்தோர்

நமது வியாபாரிகள் நன்றி மறக்காதவர்கள். கஷ்ட காலத்தில் கடனுக்குச் சரக்குத் தந்த மொத்த வியாபாரியை மூன்று தலைமுறைக்குப் பின்னரும் நினைத்துப் பேசுவோம். ஆனால் கடைக் கொம்பியூட்டருக்குள் இருக்கும் சரக்கை யார் தந்தார் என்று கேட்பதில்லை.

பல வருடங்களாக எனது கடையின் இருப்புக் கணக்கும் கடன் பேரேடும் லிப்ரே ஒபிஸில்தான் உள்ளன. அதற்கு முன்னர் ஓபன் ஒபிஸ். இரண்டுக்கும் விலை இல்லை. களவுப் பிரதியுமல்ல, எழுதியவர்களே எடுத்துப் பாவியுங்கள் என்று விட்டது. எங்காவது சிக்கினால் விளக்கம் சொன்னவர்களும் அறிமுகமில்லாத நிரலாளர்களே. எனது ஊரையோ மார்க்கத்தையோ எவரும் விசாரித்ததில்லை.

"இலவசம்தானே, அவர்களுக்கு என்ன நட்டம்?" என்று நம்மவர் சொல்வதுண்டு. இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. இணையத்தில் கடவுச்சொல்லையும் வங்கி அட்டை இலக்கத்தையும் காக்கும் ஓபன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் 2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய பெரிய கம்பனிகள் அந்தப் பூட்டை நம்பியே வியாபாரம் செய்தன. அதைப் பராமரித்தோருக்கு அதுவரை கிடைத்த நன்கொடையோ வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 டொலர். முழு நேரமாக அதில் வேலை செய்தவர் ஒருவரே. முழுச் சந்தைக்கும் ஒரே காவலாளி, அவருக்கும் ஒழுங்கான சம்பளம் இல்லையென்றால் எந்த முதலாளிக்கு நித்திரை வரும்?

நம் நாட்டவருக்கும் இந்தக் கொடையில் பங்குண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் காணாமல் போனோர், முகாம்கள், நிவாரணம் ஆகியவற்றைப் பதிவதற்காக இலங்கைத் தொண்டர்கள் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஜனாஸாக்களை அடக்கிக் கொண்டிருந்த நாட்கள் அவை. எழுதியதைப் பூட்டி வைக்காமல் உலகுக்கே திறந்து விட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. ஸதகதுல் ஜாரியா என்றதும் நமக்குக் கிணறும் பள்ளிவாசலும் மட்டும்தான் ஞாபகம் வருகின்றன.

பணம்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. லிப்ரே ஒபிஸின் தமிழ் முகப்பைத் தொண்டர்களே மொழிபெயர்த்தார்கள். ஓ.எல். முடித்துவிட்டுக் கடையில் நிற்கும் பிள்ளை அதில் ஒரு பிழைச் சொல்லைக் கண்டால் எழுதி அனுப்பலாம். இயன்றவர்கள் அதை நடத்தும் டொகியூமன்ட் பவுண்டேசனுக்கு நன்கொடையும் அனுப்பலாம். எனது வருடக் கணக்கில் வாடகை, மின்சாரம், கூலியோடு இதற்கும் ஒரு வரி உண்டு. பெரிய தொகை அல்ல. பில் எங்கே என்று கணக்காளர் கேட்டார். நன்கொடை ரசீதைக் கொடுத்தேன்.