640 கேபி: சாமர்த்தியமா, தண்டச் செலவா?

பழைய கம்ப்யூட்டர்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு புராணம் கட்டாயம் வரும். "அந்தக் காலத்துல கான்ஃபிக்.சிஸ் எழுதத் தெரியாதவன் பொட்டி பக்கமே வர முடியாது. 615 கேபி மிச்சம் பிடிச்சவன்தான் ராஜா. இப்ப இருக்கிற பசங்களுக்கு எல்லாத்தையும் தட்டுல வச்சுக் கொடுத்தாச்சு, ரேம்னா என்னன்னே தெரியாது!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெருசுகள் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் இந்தப் புராணத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டியது யார்? அதற்கான கூலியை யார் கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை. ராத்திரி பூராவும் உட்கார்ந்து பிடுங்கியது அத்தனையும் வேண்டாத ஆணி :-)

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் கதைச் சுருக்கம்.

எம்எஸ்-டாஸ் ஓடும் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அது இரண்டு கோப்புகளைத் தேடிப் படிக்கும். ஒன்று கான்ஃபிக்.சிஸ். எந்த டிரைவரை ஏற்றுவது, ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் திறந்திருக்கலாம் மாதிரியான சமாசாரங்கள் இதில். இன்னொன்று ஆட்டோஎக்ஸெக்.பேட். மௌஸ், சிடி டிரைவ், டிஸ்க் கேஷ் என்று வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகள் இதில். இரண்டுமே சாதாரண எழுத்துக் கோப்புகள்தான்.

இப்படி ஏற்றுகிற டிரைவர் ஒவ்வொன்றும் நினைவகத்தில் துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். பொட்டியை அணைக்கும் வரை நகராது. மிச்சம் இருக்கிற இடத்தில்தான் லோட்டஸ், வேர்டுஸ்டார், விளையாட்டு எல்லாம் ஓட வேண்டும். அந்த மொத்த இடம் 640 கேபி. 4 எம்பி ரேம் போட்டாலும் 640 தான், 8 எம்பி போட்டாலும் 640 தான். 8 எம்பிக்குக் காசு கொடுத்தவரிடம் அந்தப் பொட்டி கூசாமல் "நினைவகம் போதவில்லை" என்று சொல்லும். பன்னிரண்டு அறை உள்ள வீட்டை வாங்கியவனை வராந்தாவில் படுக்கச் சொன்ன மாதிரி.

சரி, இந்தச் சுவர் எங்கிருந்து வந்தது?

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டது. உள்ளே இன்டெல் 8088 சிப். அதற்கு 20 முகவரிக் கம்பிகள், ஆக மொத்தம் 1 எம்பிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. அந்த 1024 கேபியில் மேலே இருக்கும் 384 கேபியைத் திரைக்கும், ரோம் பயாஸுக்கும், கூடுதல் கார்டுகளுக்கும் ஐபிஎம் ஒதுக்கி வைத்தது. கீழே மிச்சம் 640. அன்றைக்கு அது தப்பான முடிவு என்று சொல்ல முடியாது. அடிப்படை மாடலே 16 கேபியோடு விற்றது, 640 என்பது அதைப்போல நாற்பது மடங்கு. ("640 கேபி யாருக்கும் போதும்" என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் அதை மறுத்திருக்கிறார். அவர் தலையை விட்டுவிடலாம்.)

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. 1982ல் 80286 வந்துவிட்டது, 16 எம்பி வரை அதற்குக் கண் தெரியும். 1985ல் 386 வந்தது, 4 ஜிபி வரை தெரியும். சிப் தயார். ஆனால் டாஸும் அதன் நிரல்களும் பழைய 8088 மாதிரியே பாவனை செய்துகொண்டுதான் ஓடின. எண்பதுகளில் போட்ட சுவர் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வீட்டு உபயோகப் பொட்டிகளில் அப்படியே நின்றது.

"அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மோட்டரோலாவின் 68000 சிப் 1979லேயே வந்தது. 16 எம்பி வரை ஒரே நீட்டாக முகவரி. 1984ல் வந்த ஆப்பிள் மேக்கின்டாஷில் அதுதான் இருந்தது. மேக்கில் வேறு தொல்லைகள் இருந்தன, அது தனிக்கதை. 640ல் முட்டிக்கொள்ளாமலும் கம்ப்யூட்டர் செய்ய முடியும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

இனி அந்தப் புகழ்பெற்ற சாமர்த்தியம் என்னவென்று பார்க்கலாம்.

1991 ஜூனில் எம்எஸ்-டாஸ் 5 வந்தபிறகு ஒரு 386 வைத்திருந்தவர் தன் கான்ஃபிக்.சிஸ் கோப்பின் தலையில் எழுத வேண்டியது இது:

டிவைஸ்=சி:\டாஸ்\ஹைமெம்.சிஸ்
டிவைஸ்=சி:\டாஸ்\ஈஎம்எம்386.எக்ஸி நோஈஎம்எஸ்
டாஸ்=ஹை,யூஎம்பி

முதல் வரி 1 எம்பிக்கு மேலே இருக்கும் ரேமைத் திறந்துவிடும். இரண்டாவது வரி, அந்த 384 கேபிப் பகுதியில் யாரும் பயன்படுத்தாத சந்து பொந்துகளில் ரேமை நிரப்பும். மூன்றாவது வரி, டாஸின் பெரும்பகுதியை 1 எம்பிக்கு மேலே ஒட்டினாற்போல் இருக்கும் 64 கேபித் துண்டுக்கு (துல்லியமாகச் சொன்னால் அதில் 16 பைட் குறைவு) இடம் மாற்றும். பிறகு டிவைஸ் என்று இருப்பதையெல்லாம் டிவைஸ்ஹை என்று மாற்ற வேண்டும். ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் மௌஸுக்கும் சிடி டிரைவுக்கும் முன்னால் லோட்ஹை சேர்க்க வேண்டும். பஃபர்களைக் குறைக்க வேண்டும், ஒவ்வொன்றும் 512 பைட்டுக்குச் சற்று மேல் தின்னும். மெம் /சி என்று அடித்து யார் யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் 620 கேபி வரைகூட மிச்சம் பிடிக்கலாம்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. எந்த டிரைவரை முதலில் ஏற்றுவது என்பதிலும் கணக்கு உண்டு. ஏறும்போது நிறைய இடம் கேட்டுவிட்டு, ஏறி உட்கார்ந்தபிறகு சுருங்கிக்கொள்கிற டிரைவர்கள் பல. பெரியதை முதலில் ஏற்றாவிட்டால் அதற்கு மேலே இடம் கிடைக்காது, கீழே வந்து 640ல் உட்கார்ந்துவிடும். ஆகவே வரிசையை மாற்று, ரீபூட் செய், மெம் பார். மறுபடி மாற்று, மறுபடி ரீபூட். 1993ல் டாஸ் 6 மெம்மேக்கர் என்ற நிரலைக் கொடுத்து இந்த வேலையை அதுவே செய்யும் என்றது. இத்தனை வருஷம் மனுஷன் கையால் செய்தது மெஷினே செய்திருக்கக்கூடிய வேலைதான் என்று அதுவே ஒத்துக்கொண்ட மாதிரி.

அதிலும் ஒரு கோப்பு எல்லா நிரலுக்கும் பொருந்தாது. சில நிரல்களுக்கு ஈஎம்எஸ் வேண்டும். அதைக் கொடுத்தால் மேலே இருக்கும் சந்தில் 64 கேபி போய்விடும், டிரைவர்களுக்கு இடம் குறையும். 1992ல் வந்த அல்டிமா 7 நேர் எதிர். அது வூடூ என்று தனக்கென்று ஒரு நினைவக மேலாளரைக் கொண்டுவந்தது. ஈஎம்எம்386 ஏறியிருந்தால் ஓடவே ஓடாது. ஈஎம்எம்386 இல்லாவிட்டால் டிரைவர்களை மேலே ஏற்ற முடியாது. அதனால் அந்த ஒரு விளையாட்டுக்கென்று தனி பூட் ஃபிளாப்பி. சில நிறுவனங்கள் இன்ஸ்டால் செய்யும்போதே "பூட் ஃபிளாப்பி செய்து தரட்டுமா?" என்று கேட்டன. காசு வாங்கிக்கொண்டு சாமானைக் கொடுத்துவிட்டு, அதை உபயோகிக்க வீட்டு வாசலை இடித்துக் கட்டிக்கொள் என்பது எந்த ஊர் வியாபாரம்?

சரி, மறுதரப்பு நியாயத்தையும் பார்த்துவிட வேண்டும். அதுதான் முறை.

முதல் நியாயம்: பழைய நிரல்கள் ஓட வேண்டாமா? 1983ல் லோட்டஸ் 1-2-3 வாங்கி, அதில் கம்பெனிக் கணக்கு பூராவும் வைத்திருப்பவர் புது மெஷின் வாங்கினால் அது அப்படியே ஓட வேண்டும். நியாயமான வாதம்தான். பழைய முதலீடு காப்பாற்றப்பட்டது, பயனருக்கும் லாபம். ஆனால் லாபத்தைப் பேசுகிறவர்கள் செலவை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? பழையது ஓடும் என்பதால் அதிக மெஷின் விற்றது, அந்த வரவு சிப்காரருக்கும், டாஸ்காரருக்கும், மெஷின்காரருக்கும். அதனால் வந்த தொல்லை என்ற பற்று மட்டும் பயனர் கணக்கில். காமர்ஸ் முதல் வருஷப் பையனிடம் இப்படி ஒரு பேரேட்டைக் காட்டினால் சிரிப்பான்.

அந்தப் பற்று சின்னத் தொகையும் இல்லை. முதலில் அடிபட்டவர்களே கணக்கர்கள்தான். பெரிய ஸ்ப்ரெட்ஷீட் 640க்குள் அடங்கவில்லை என்றுதான் 1985ல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஈஎம்எஸ் முறையைக் கொண்டுவந்தன. அதற்குத் தனி கார்டு வாங்க வேண்டும். 386 வந்தபிறகு க்யூஈஎம்எம், 386மேக்ஸ் என்று தனி நிரல்கள் வந்தன, அதற்கும் தனிக் காசு. டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் 1990ல் டிஆர்-டாஸ் 5ல் இந்த வசதியை ஓஎஸ்ஸோடு சேர்த்தே கொடுத்தது. அடுத்த வருஷம் எம்எஸ்-டாஸ் 5ம் கொடுத்தது. 386 சிப் வந்து ஆறு வருஷம் கழித்து! போட்டி என்று ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பாடப்புத்தகம் வேண்டாம், இந்த இரண்டு வருஷங்கள் போதும்.

மணிக்கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் இந்த இரண்டு கோப்புகளோடு மல்லுக்கட்டியது மொத்தமாகப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது ரொம்பக் குறைவு. அப்படி ஒரு லட்சம் பேர் என்றால் பத்து லட்சம் மணி நேரம். எட்டு மணி நேர வேலையாகப் பிரித்தால் 1,25,000 நாள். டாஸ் உபயோகித்தவர்கள் ஒரு லட்சத்தோடு நிற்கவில்லை. இது எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் வராத செலவு.

இரண்டாவது நியாயம்: வேறு வழி இல்லை. இருந்தது. 1993 டிசம்பரில் டூம் வந்தது. டாஸ்/4ஜிடபிள்யூ என்ற எக்ஸ்டெண்டரோடு வந்ததால் 386ஐ 386ஆகவே ஓட்டியது, 640 சுவரைத் தாண்டி மேலே இருக்கும் ரேமை நேரே எடுத்துக்கொண்டது. தேவை 4 எம்பி ரேம். அதே டாஸ்தான், அதே பொட்டிதான். சுவர் தாண்டும் வேலையை நிரல் எழுதியவர்கள் தங்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது நியாயம்தான் புராணத்தின் உயிர்நாடி: "அதனாலதான் கத்துக்கிட்டோம்." என்ன கற்றுக்கொண்டார்கள்? மௌஸ் டிரைவரை எந்தச் சந்தில் செருகுவது என்பதை. 1995ல் விண்டோஸ் 95 வந்ததும் அந்த அறிவின் மதிப்பு சரிந்தது. 2001ல் எக்ஸ்பி வந்ததும் பூஜ்யம். கூடவே இன்னொன்று. கற்றுக்கொண்டவர்கள் மட்டும்தான் இன்றைக்குக் கதை சொல்கிறார்கள். ஒரு வரி தப்பாக எழுதி, பொட்டி பூட் ஆகாமல், கையில் பூட் ஃபிளாப்பியும் இல்லாமல், மெக்கானிக்குக்குக் காசு அழுதவர்கள் கதை சொல்ல வருவதில்லை. எஃப்5 அழுத்தி இந்தக் கோப்புகளைத் தாண்டிப் போகலாம் என்ற வசதியே 1993ல் டாஸ் 6 வந்தபிறகுதான் வந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லாமல், கம்ப்யூட்டர் பத்திரிகையும் கிடைக்காமல் இருந்தவர்களை அந்தச் "சாமர்த்தியம்" வாசலிலேயே நிறுத்திவைத்தது. ரோடு குண்டும் குழியுமாக இருந்ததால் நன்றாக வண்டி ஓட்டக் கற்றோம் என்று சொல்லலாம்தான். அதற்காக ரோடு போடாத கான்ட்ராக்டருக்கு மாலை போடுவார்களா?

புராணத்தில் மெச்சத் தகுந்தது ஒன்றே ஒன்று உண்டு. அந்த இரண்டு கோப்புகளையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். பொட்டி கிளம்பும்போது என்னென்ன ஏறுகிறது என்பது ஒரு பக்கத்துக்குள் அடங்கும். பிடிக்காத வரிக்கு முன்னால் ரெம் போட்டால் கதை முடிந்தது. இன்றைக்கு ஒரு லேப்டாப்பை ஆன் செய்தால் பின்னால் ஏறுபவை எத்தனை, எதற்கு என்று வாங்கியவருக்குத் தெரியாது. இதைக் கேட்டுப் பெருசுகள் சண்டை போட்டால் அவர்கள் பக்கம் கொடி பிடிக்கலாம். ஆனால் அவர்கள் கொண்டாடுவது 615 கேபியை.

இது பழங்கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. 2021ல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 இல்லாத, பட்டியலில் இல்லாத பிராசசர் உள்ள மெஷின்களை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொட்டிகள் பலவும் இதில் மாட்டின. பாதுகாப்புக்காக என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் பேரேடு பழையதுதான். முடிவு ஒருவருடையது, புது மெஷின் வாங்கும் செலவோ, குறுக்கு வழி தேடும் ராத்திரியோ இன்னொருவருடையது. அந்தக் குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்தவர்கள் இன்னும் இருபது வருஷம் கழித்து அதையும் வீரக்கதையாகச் சொல்வார்கள்.

அப்போது கேட்டுக்கொண்டிருக்கும் பையன் கைதட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டால் நன்றாக இருக்கும்: "அதெல்லாம் சரிங்க அண்ணே, அந்த வேலைக்கு உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு கொடுத்தாங்க?"