பயிற்சியாளரை நீக்கினால் போதுமா?

கெடா காற்பந்துக் குழு தோற்கும்போதெல்லாம் சுங்கைப் பட்டாணிக் கடைத்தெருவிலும் தோட்டத்து லயங்களிலும் எழும் குரல் ஒன்றே: "பயிற்சியாளரை மாற்று!" அக்குரலில் நியாயம் உண்டா என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

2018-இல் ஸ்பெயின் நாட்டவரான ராமோன் மார்கோட் பருவம் முடியுமுன்பே நீக்கப்பட்டார். மறு ஆண்டு சிங்கப்பூரரான அய்டில் ஷாரின் பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஜூலையிலேயே புக்கிட் ஜாலிலில் பேராக்கை 1-0 என வென்று எப்.ஏ. கிண்ணத்தை நம் குழு கொண்டுவந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம். எனவே மாற்றம் பலன் தராது என்று நாம் வாதாடவில்லை.

ஆனால் பின்னர் நடந்தது என்ன? ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி ஏறியது. புள்ளிகள் வெட்டப்பட்டன. முடிவில் 2025-26 பருவத்துக்குச் சூப்பர் லீக் உரிமமே கிடைக்கவில்லை. 2006-07, 2007-08 ஆகிய இரு பருவங்களிலும் மும்மூன்று கிண்ணங்களை வென்ற குழுவுக்கு இந்தக் கதி! இதை எந்தப் பயிற்சியாளர் தடுத்திருக்க முடியும்?

பால் குறைந்தால் கங்காணியை மாற்றும் நிர்வாகத்தை நாம் அறிவோம். மரம் வெட்டுகிறவனுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காத தோட்டத்தில் எந்தக் கங்காணி வந்தாலும் வாளி நிறையாது. ஆட்டக்காரனும் தொழிலாளியே, அவன் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும்.

ஆகவே, இனியொரு பயிற்சியாளர் நீக்கப்பட்டால், அடுத்து வருகிறவர் யார் என்று கேட்குமுன் நாம் கேட்க வேண்டியது இதுவே: "ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்றா?" அதற்குப் பதில் இல்லாத இடத்தில் கிண்ணத்தைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சே.