கர்ப்பத்தடை மாத்திரையும் கர்ப்ப ஸ்திரீயின் பயமும்

கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டு வரும் ஒரு பெண், தான் கர்ப்பமாயிருப்பதை அறியாமல் மேலும் சில நாள் அதையே சாப்பிட்டு விட்டால், பிள்ளை ஊனமாய்ப் பிறக்கும் என்று மிரட்டுவதற்கு நம் நாட்டில் ஆட்களுக்குப் பஞ்சமேயில்லை. காஞ்சீபுரத்தை அடுத்த தாமலானாலும் சரி, சென்னைப் பட்டணமானாலும் சரி, கிரகணத்தன்று கர்ப்பவதியை வீட்டுக்குள் அடைத்து வைக்கின்ற புத்திதான் இப்படியும் பேசுகிறது. முதலில் பெண்மேல் பழி; பிறகு பரிகாரம்; அதற்கும் பிறகு கருவைக் கலைக்க நாட்டு மருந்து!

இதற்கு ஆதாரமென்ன என்று கேட்கின்றோம். டென்மார்க் தேசத்தில் 1997 முதல் 2011 வரை பிறந்த சுமார் 8,80,000 குழந்தைகளின் கணக்கை ஆராய்ந்து 2016ல் வெளியிட்டார்கள். மாத்திரையையே தொடாத தாய்மாரின் குழந்தைகளிலும், கர்ப்பமான பிறகும் சாப்பிட்டவர்களின் குழந்தைகளிலும், பெரிய பிறவிக்குறை ஆயிரத்துக்கு ஏறக்குறைய 25தான். வித்தியாசம் எங்கே?

பயம் காரணமில்லாமல் வந்ததென்று நாம் சொல்லவில்லை. 1950களின் கடைசியில் தாலிடோமைடு என்னும் மருந்தைச் சாப்பிட்ட தாய்மாருக்குக் கைகால் குறுகிய பிள்ளைகள் பிறந்தன. நம் நாட்டிலும், கர்ப்பமா என்று சோதிக்கக் கொடுத்துவந்த அதிக அளவு ஹார்மோன் மருந்தைப் பெண்கள் சங்கங்கள் எதிர்த்துப் போராடியபின் 1988ல் சர்க்கார் தடுத்தது. ஆனால் அவை வேறு, இன்றைய கர்ப்பத்தடை மாத்திரை வேறு. கருக்கலைப்பு மாத்திரையோ முற்றிலும் வேறு. அதைச் சாப்பிட்டும் கரு நின்றுவிட்டால் பிள்ளைக்குக் கெடுதல் நேரலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நிற்க, செய்ய வேண்டியது என்ன? கர்ப்பமென்று தெரிந்தவுடன் மாத்திரையை நிறுத்த வேண்டும். அட்டையை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஏனெனில் ‘சாயா’ போன்றவை ஹார்மோன் மாத்திரையல்ல. கடும் வயிற்று வலியோ உதிரப்போக்கோ கண்டால் தாமதிக்கலாகாது. பிள்ளை வேண்டாமென்று அவளே கருதினால், கர்ப்பத்தடை தவறியதை 1971ம் வருஷத்துச் சட்டமே ஒரு காரணமாக ஒப்புக்கொள்ளுகிறது. ஆஸ்பத்திரி இருக்கக் குச்சியும் கஷாயமும் எதற்கு?

சர்க்கார் இலவசமாய்க் கொடுக்கும் ‘மாலா-என்’ அட்டையில் உள்ள 28 மாத்திரைகளில் 21தான் ஹார்மோன், மற்ற 7 இரும்புச்சத்து என்பதை எத்தனை பெண்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்? மாத்திரையைக் கொடுத்து விவரத்தை மறைத்துவிட்டு, பிறகு தவறு அவளுடையதென்பது எந்த ஊர் நியாயம்? பெண்களே! பழிக்கு அஞ்சாதீர்கள், கேளுங்கள், விவரம் தெரிந்து நீங்களே முடிவு செய்யுங்கள்.